கஷ்டத்தில் வளரும் பிள்ளைக்கு நாம் என்ன செய்யலாம்?

கஷ்டப்பட்ட பிள்ளைதான் கெட்டிக்காரப் பிள்ளையாக வரும் என்று எங்கள் கோவில்பட்டிப் பக்கம் சொல்வார்கள். என் அம்மா வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டித்தான் எங்களை வளர்த்தாள். பசை வாசனைக்கு நடுவிலேயே நான் வீட்டுப்பாடம் எழுதினேன். "அந்தக் கஷ்டம்தான் உன்னை ஆளாக்கியது" என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை. என்னோடு உட்கார்ந்து ஒட்டிய, என்னைவிடச் சூட்டிகையான பெண்கள் எட்டாம் வகுப்போடு நின்றுபோனார்கள். அவர்களுக்கும் அதே பசை, அதே கூலி. எனக்குக் கூடுதலாகக் கிடைத்தவர் எங்கள் தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்த அண்ணாச்சி. பள்ளி விட்டதும் அவர் கடை ஓரத்தில் உட்காரலாம். கிழிந்த டியூபை வளையம் வளையமாக வெட்டித் துணிப்பந்தின் மேல் மாட்டினால் ரப்பர் பந்து ஆகிவிடும். "இன்னைக்கு என்னம்மா செஞ்ச?" என்று தினமும் கேட்பார். கேட்டுவிட்டு, பதிலையும் கேட்பார்.

ஹவாயின் கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, பெற்றோரின் குடி, ஓயாத சண்டை என்று பல சுமைகளோடு வளர்ந்த பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாகத் தலையெடுத்தார்கள். பாட்டியோ, டீச்சரோ, பக்கத்து வீட்டுக்காரரோ, கைவிடாத பெரியவர் ஒருவராவது அவர்களுக்கு இருந்தார் என்பது அந்த ஆய்வில் தெளிவாகத் தெரிந்தது. மீதி இரண்டு பங்குப் பிள்ளைகளையும் மறந்துவிடக் கூடாது. கஷ்டம் தானாகவே யாரையும் வளர்த்துவிடும் என்றால் அவர்களும் வளர்ந்திருக்க வேண்டுமே.

ஆகவே அந்தப் பெரியவராக நீங்கள் இருப்பது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். 2021-ல் தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். அன்றிலிருந்து என் திண்ணைக்கு மாலையில் பிள்ளைகள் வருகிறார்கள்.

முதலில் வயிறு. பசியோடு வரும் பிள்ளையிடம் கற்பனையை எதிர்பார்ப்பது அநியாயம். வந்ததும் ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை, அல்லது அவித்த சுண்டல் கொடுங்கள். எல்லோருக்கும் சேர்த்தே கொடுங்கள். இல்லாத பிள்ளைக்கு மட்டும் தனியாகக் கொடுத்தால் அது சாப்பிடாது.

அடுத்தது நேரம். வாரத்தில் இரண்டு நாள்தான் முடியும் என்றால் இரண்டு நாளே போதும். ஆனால் சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். அப்பா எப்போது வருவார், எந்த நிலையில் வருவார் என்று தெரியாத வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஒரு நிச்சயம் பெரிய விஷயம்.

அப்புறம் கைக்கு வேலை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சைக்கிள் கடையில் வால் டியூப் வாங்குங்கள், அதாவது காற்றடிக்கும் வால்வில் மாட்டும் மெல்லிய ரப்பர் குழாய். விலை மிகக் குறைவு. அதை ஒன்றரை சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டுங்கள். மருந்து முக்காத வெறும் தீக்குச்சி எங்கள் பக்கம் எளிதாகக் கிடைக்கும். கிடைக்காத ஊரில் மருந்தைப் பெரியவர்களே சுரண்டி எடுத்துவிட்டுக் கொடுங்கள். ஒரு துண்டின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு குச்சியைச் செருகினால் வளைந்து கொடுக்கும் மூட்டு கிடைக்கும். மூன்று குச்சி, மூன்று மூட்டு சேர்ந்தால் முக்கோணம். எப்படி அழுத்தினாலும் அது கோணாது. நான்கு குச்சியில் சதுரம் செய்யுங்கள். ஒரு விரலால் தள்ளினாலே சாய்ந்துவிடும். ஏன் என்று பிள்ளை கேட்கும். உடனே பதில் சொல்லாதீர்கள். "சாயாமல் நிற்க வை, பார்ப்போம்" என்று மட்டும் சொல்லுங்கள். குறுக்கே ஒரு குச்சி வைக்கத் தோன்றும். அதே அளவுக் குச்சி எட்டாது, நீளம் பத்தாது. அந்த இடத்தில்தான் பிள்ளை யோசிக்க ஆரம்பிக்கிறது. துண்டின் நடுவில் கருவேல முள்ளால் ஓட்டை போட்டு மூன்றாவது குச்சியைச் செருகினால் மூன்று முனை மூட்டு ஆகிவிடும். அப்படி நான்கு மூட்டும் ஆறு குச்சியும் இருந்தால், நான்கு பக்கமும் முக்கோணமாக இருக்கும் நான்முகி எழுந்து நிற்கும்.

இந்த முறையை உருவாக்கியவர் ஐ.ஐ.டி. கான்பூரில் படித்த அரவிந்த் குப்தா. 1970-களின் கடைசியில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் பகுதியில் கிராமப் பள்ளிகளுக்கான அறிவியல் திட்டத்தில் வேலை செய்தபோது செய்தது. கோடையில் தீக்குச்சியே வேண்டாம், நுங்கு தின்ற பிறகு மிஞ்சும் பனங்காய்க் கூடு இரண்டும் ஒரு கவட்டைக் கம்பும் போதும், வண்டி ஓடும்.

பொருள் குறைவாக இருப்பதால் பிள்ளையின் புத்தி ஓடுகிறது என்பது உண்மைதான். அதற்காகச் சோற்றிலும் பாதுகாப்பிலும் குறை இருந்தால் நல்லது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

பேச்சிலும் கவனம் வேண்டும். "எவ்வளவு தாங்குறா பாரு" என்று பிள்ளையின் முன்னால் பாராட்டாதீர்கள். தாங்குவதுதான் தன் வேலை என்று நினைத்து, வலிக்கும்போதும் சொல்லாமல் இருந்துவிடும். "இந்த மூட்டு எப்படி யோசிச்சுப் போட்ட?" என்று செய்ததைப் பற்றிக் கேளுங்கள். வீட்டுக் கதையை நீங்களாகக் கிளறாதீர்கள். கை வேலையில் இருக்கும்போது அதுவாகவே சொல்லும். அப்போது அறிவுரையோடு குறுக்கே போகாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடி, பாலியல் தொல்லை, குழந்தைத் திருமணப் பேச்சு என்று எது காதில் விழுந்தாலும் இதெல்லாம் போதாது. தாமதிக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள். அது இலவச எண்.

எட்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வு பற்றிப் பள்ளியில் விசாரியுங்கள். தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போக வேண்டும், வருமானச் சான்றும் தேவைப்படும். அந்தச் சான்றுக்காக இ-சேவை மையத்துக்கு அலைந்தால் பிள்ளையின் அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் வேண்டிய தாள்களை முந்தின நாளே வாங்கிச் சரிபார்த்து, காலையில் நீங்களும் கூடப் போய் வாருங்கள்.