மலிவு டவல் ஜிக்: வேலையில் இறக்கும் முன் சோதிப்பது எப்படி?

குன்னூர், கோத்தகிரி பக்கம் சில்வர் ஓக் பலகை சுலபமாகக் கிடைக்கும். பலகையை இணைக்கும் கருவிதான் சிக்கல். பலகையில் இணைப்புத் துளை போடும் ஜெர்மனியின் பெஸ்டூல் டோமினோ இயந்திரம் புதிதாகக் கற்பவருக்கு எட்டாத விலை. அந்த மாதிரி இயந்திரங்களின் நகலை வாங்க வேண்டாம். கட்டர் சுழன்றுகொண்டே பக்கவாட்டிலும் ஆட வேண்டிய அமைப்பு அது. பழுதானால் உதிரிபாகம் தேடி மலை இறங்க வேண்டும். டவல் என்பது இரு பலகையை இணைக்கும் உருண்டை மரக்குச்சி; அதற்கான துளையை நேராகப் போட வழிகாட்டும் டவல் ஜிக்கில் அசையும் பாகம் குறைவு. மலிவு நகல் ஈடுகொடுப்பது இங்கேதான்.

பலகையை இருபுறமும் தாடையால் கவ்வி, தானே நடுவைப் பிடிக்கும் வகையை எடுத்துக்கொள்வோம். 18 மி.மீ. பலகை, 8×40 மி.மீ. வரியிட்ட டவல், நடுவில் கூர்முனை உள்ள 8 மி.மீ. மர பிட், வெர்னியர் அளவுகோல், மூலைமட்டம் இருந்தால் போதும்.

படி 1: புஷ், அதாவது பிட்டை வழிநடத்தும் உலோகக் குழல். 8.2 மி.மீ. இரும்பு பிட்டின் பின்பக்கத்தை 8 மி.மீ. புஷ்ஷுக்குள் விட்டுப் பாருங்கள். புகுந்தால் புஷ் பெரிது, துளை சாயும். கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

படி 2: செங்குத்து. கழிவுப் பலகையின் ஓரத்தில் 20 மி.மீ. ஆழம் துளையிட்டு, நேரான 8 மி.மீ. இரும்புக் கம்பியை நிறுத்தி, மூலைமட்டத்தை இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள். 60 மி.மீ. உயரத்தில் அரை மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரியக் கூடாது.

படி 3: நடு. மலிவு ஜிக் பெரும்பாலும் கோட்டைவிடுவது இதில்தான். ஒரு துளை போடுங்கள். ஜிக்கைக் கழற்றி, முன்பின்னாகத் திருப்பி மாட்டி, பக்கத்தில் இன்னொன்று. பலகையின் ஒரே முகத்திலிருந்து இரு துளைகளின் விளிம்பையும் அளந்து பாருங்கள். சரியான நடுவானால் இரண்டும் 5 மி.மீ. ஒன்று 5.3, மற்றது 4.7 என்றால் பிழை 0.3. இதையே மூன்று தடவை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் அதே 0.3 வந்தால் கவலையில்லை, அந்த ஜிக் போதும். ஒரு முறை 0.1, மறுமுறை 0.4 என்று மாறினால் திருகு மரையில் ஆட்டம் இருக்கிறது. அதற்கு வைத்தியம் கிடையாது.

படி 4: நிலையான பிழையை விழுங்குவது. ஒரு தாடையில் பெயின்டால் புள்ளி வையுங்கள். இணைக்கும் பலகைகளில் மேலே தெரியும் முகத்தைப் பென்சிலால் குறியுங்கள். புள்ளித் தாடை எப்போதும் குறியிட்ட முகத்தின் மேல். இரு பலகையிலும் துளை ஒரே பக்கம், ஒரே அளவு விலகும். முகம் சமமாக வந்து சேரும். விலை கூடிய ஜிக்கிலும் இந்தப் பழக்கம் நல்லதுதான். பெட்டி மூலையில் ஒரு பலகையின் முகத்திலேயே துளை வேண்டும். அங்கே இந்த வகை ஜிக் உதவாது.

படி 5: துளை. ஒவ்வொரு பலகையிலும் 21 மி.மீ. ஆழம். அடியில் 1 மி.மீ. மிச்சம் விடாவிட்டால் பசை தேங்கி, கிளாம்ப் இறுக்கும்போது பலகை பிளக்கும். கூடவே வரும் ஸ்டாப் காலர் (ஆழத்தை நிறுத்த பிட்டில் மாட்டும் வளையம்) அதிர்வில் நழுவும். பிட்டில் டேப் சுற்றியும் வையுங்கள். இரண்டு மூன்று முறை வெளியே இழுத்துத் தூள் தட்டுங்கள். அலுமினிய மரை என்பதால் ஜிக்கைக் கைப்பிடியளவுக்கு இறுக்கினால் போதும், ஸ்பேனர் வேண்டாம்.

படி 6: ஒட்டுதல். மழை மாதங்களில் டவல் ஊதி, துளைக்குள் போகாது. சுத்தியலால் அடிக்காதீர்கள், அடுப்புக்குப் பக்கத்தில் ஓர் இரவு வைத்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். மீதியை மூடி இறுகும் டப்பாவில் போட்டு வையுங்கள். துளைச் சுவரிலும் டவலிலும் மெல்லிசாகப் பசை தடவுங்கள். வெள்ளைப் பசை 10 டிகிரிக்குக் கீழே சரியாகப் பிடிக்காது. ஜனவரியில் ஊட்டியிலோ கொடைக்கானலிலோ ஒட்டிய பலகையை வெளி ஷெட்டில் விடாமல் வீட்டுக்குள் கொண்டுபோங்கள், மறுநாள் வரை கிளாம்பைக் கழற்றாதீர்கள். பிதுங்கிக் காய்ந்த பசை சுண்ணாம்பு போல வெளுத்துப் பொடிந்தால், அந்த இணைப்பு பாரம் தாங்காது.