கல்லூரிச் சேர்க்கையின் இரண்டு விகிதங்கள்: எப்படிக் கணக்கிடுவது, எப்படிப் படிப்பது?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியான பிறகு, மே மாத வெயிலில், பாளையங்கோட்டைக் கல்லூரி வாசல்களில் கையில் ஃபைலோடு நிற்கும் பெற்றோரிடம் ஒரே பேச்சைத்தான் கேட்கலாம். “அறுபது சீட்டுக்குத் தொள்ளாயிரம் அப்ளிகேஷன் வந்திருக்காம். நம்ம பிள்ளைக்கு எங்க கிடைக்கப் போகுது?” இந்தக் கணக்கை நம்பி, விண்ணப்பமே போடாமல் ஊர் திரும்பும் குடும்பங்களை ஆலங்குளம், முக்கூடல் பக்கங்களில் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அவர்கள் சொல்லும் எண்கள் சரியானவையாகவே இருக்கலாம். ஆனால் அந்த எண்களிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவு தவறு. அது ஏன் தவறு என்பதை, பள்ளிக் கணக்குக்கு மேல் எதுவும் தேவைப்படாத வகையில், படிப்படியாக விளக்குகிறேன். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: நான்கு எண்களைத் தனித்தனியாக எழுதுங்கள்

அனுமதிக்கப்பட்ட இடங்கள், விண்ணப்பித்தவர்கள், இடம் வழங்கப்பட்டவர்கள், கட்டணம் கட்டிச் சேர்ந்தவர்கள் என்று நான்கு எண்கள் உள்ளன. பேச்சில் முதல் இரண்டு மட்டுமே அடிபடுகின்றன; மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. குழப்பம் முழுவதும் அந்த மூன்றாவது எண் காணாமல் போவதால்தான் வருகிறது. விண்ணப்பித்தவர்கள் என்ற எண்ணிலும் ஒரு சிறு கவனம் வேண்டும். ஒரே மாணவி பி.காம்., பி.எஸ்சி. கணிதம், பி.ஏ. ஆங்கிலம் என்று மூன்று படிப்புகளுக்கு விண்ணப்பித்தால், சில கணக்குகளில் அவர் மூன்று விண்ணப்பங்களாக எண்ணப்படுவார். ஆகவே உங்கள் கையில் உள்ளது தலைக்கணக்கா, தாள்கணக்கா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண்டாம் படி: அனுமதி விகிதம்

இடம் வழங்கப்பட்டவர்களின் எண்ணிக்கையை விண்ணப்பித்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்து நூறால் பெருக்கினால் கிடைப்பது அனுமதி விகிதம். இடங்களை விண்ணப்பங்களால் வகுப்பது அனுமதி விகிதம் ஆகாது. வேறுபாட்டைக் காண ஒரு கற்பனைக் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். இதில் வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை.

அக்கல்லூரியின் பி.காம். வகுப்பில் 60 இடங்கள், விண்ணப்பங்கள் 900. நம் ஊர்க் கணக்குப்படி 60-ஐ 900-ஆல் வகுத்தால் 6.7 விழுக்காடு. ஆனால் முதல் பட்டியலில் அழைக்கப்பட்ட 60 பேரில் 20 பேர்தான் சேர்ந்தார்கள். மீதமுள்ள 40 இடங்களுக்கு இரண்டாம் பட்டியல் வெளியானது. அதில் 20 பேர் சேர்ந்தார்கள். மூன்றாம் பட்டியலில் 20 பேரை அழைத்ததில் 15 பேர் வந்தார்கள். கடைசியாக அழைக்கப்பட்ட 5 பேரும் சேர்ந்துவிட்டார்கள். ஆக, இடம் வழங்கப்பட்டவர்கள் 60, 40, 20, 5 என மொத்தம் 125 பேர். 125-ஐ 900-ஆல் வகுத்தால் 13.9 விழுக்காடு. வாசலில் பேசப்பட்ட 6.7-ஐப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

இதைத் தரவரிசையில் வைத்துப் பாருங்கள். மதிப்பெண் ஒன்றையே வைத்துப் பட்டியல் போட்டிருந்தால், 61-ஆம் இடத்திலிருந்து 125-ஆம் இடம் வரை இருந்த 65 பேர் “நமக்குக் கிடைக்காது” என்று நினைத்திருக்கக்கூடியவர்கள். அத்தனை பேருக்கும் அழைப்பு வந்திருக்கிறது.

மூன்றாம் படி: சேர்வு விகிதம்

இடம் வழங்கப்பட்டவர்களில் எத்தனை பேர் உண்மையில் வந்து சேர்ந்தார்கள் என்பதே சேர்வு விகிதம். நம் எடுத்துக்காட்டில் 60-ஐ 125-ஆல் வகுத்தால் 48 விழுக்காடு. ஆங்கிலம் பேசும் நாடுகளில் இதை ‘யீல்டு’ என்கிறார்கள். விளைச்சலுக்கும் அங்கே அதே சொல்தான். தாமிரபரணிக் கரையில் கார் நெல்லும் பிசான நெல்லும் விளைவிக்கும் நமக்கு அது புரியாத கருத்தன்று. வயலில் பயிர் எப்படி நின்றது என்பது வேறு, களத்தில் அடித்து அளந்து கண்ட கண்டுமுதல் வேறு. கல்லூரி அனுப்பும் அழைப்பு வயலில் நிற்கும் பயிர். கட்டணம் கட்டி, மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து, வகுப்பில் உட்கார்ந்தவர்கள்தாம் கண்டுமுதல்.

அழைக்கப்பட்டவர்கள் ஏன் வருவதில்லை? இதற்கு நம் ஊரிலேயே தெளிவான காரணங்கள் இருக்கின்றன. 1878-இல் தொடங்கிய தூய யோவான் கல்லூரியும் 1923-இல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரியும் பாளையங்கோட்டையில் அருகருகே இருக்கின்றன. மாணவிகளுக்குச் சாராள் தக்கர் கல்லூரியும் ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரியும் உண்டு. பேட்டையில் ம.தி.தா. இந்துக் கல்லூரி, ரகுமத் நகரில் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி. நல்ல மதிப்பெண் எடுத்த ஒருவர் இவற்றில் நான்கைந்துக்கு விண்ணப்பிப்பார். எல்லாவற்றிலும் முதல் பட்டியலிலேயே பெயர் வரும். ஆனால் ஓரிடத்தில்தான் சேர முடியும். அவரே பொறியியல் கலந்தாய்வுக்கும் பதிவு செய்திருப்பார். மருத்துவமோ வேளாண்மையோ கிடைத்தால் கலைக் கல்லூரியை விட்டுவிடுவார். ஆகவே முதல் பட்டியலில் இருப்பவர்களுக்கு மாற்று வழிகள் அதிகம், சேர்வு விகிதம் குறைவு. கடைசிப் பட்டியலில் இருப்பவர்களுக்கு மாற்று வழிகள் குறைவு, சேர்வு விகிதம் அதிகம். மேலே உள்ள எடுத்துக்காட்டில் அது 33 விழுக்காட்டில் தொடங்கி, 50, 75 என ஏறி, நூறில் முடிந்ததைக் கவனியுங்கள்.

நான்காம் படி: இரண்டையும் இணையுங்கள்

விண்ணப்பங்கள் × அனுமதி விகிதம் × சேர்வு விகிதம் = சேர்ந்தவர்கள். 900-இல் 13.9 விழுக்காடு 125. அதில் 48 விழுக்காடு 60. இதைத் திருப்பிப் போட்டால், எத்தனை பேரை அழைக்க வேண்டும் என்பது இடங்களைச் சேர்வு விகிதத்தால் வகுத்தால் கிடைக்கும்.

இப்போது ஓர் எண்ணை மட்டும் மாற்றிப் பாருங்கள். அதே கல்லூரியின் சேர்வு விகிதம் 75 விழுக்காடாக உயர்ந்தால், 80 பேரை அழைத்தாலே 60 இடங்களும் நிரம்பிவிடும். அனுமதி விகிதம் 8.9-ஆக இறங்கும். அல்லது சேர்வு விகிதம் மாறாமல், இணையவழி விண்ணப்பம் எளிதாகிவிட்டதால் 900 விண்ணப்பங்கள் 1,800 ஆனதாக வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி விகிதம் 6.9-ஆகிவிடும். இரண்டு நிலைகளிலும் ஆசிரியர்கள் அவர்களே, நூலகம் அதுவே, பாடத்திட்டமும் அதுவே. அனுமதி விகிதம் குறைந்த கல்லூரி தரமான கல்லூரி என்று சொல்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் நான் போட்டுக் காட்டுவது வழக்கம்.

ஐந்தாம் படி: அமெரிக்க எண்களைப் படிக்கும்போது

வெளிநாட்டில் இளநிலைப் படிப்புக்கு முயலும் மாணவர்கள் இப்போது நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். அங்கே இந்த இரண்டு விகிதங்களும் வெளிப்படையாகவே பேசப்படுகின்றன. 2024-இல் சேர்ந்த வகுப்புக்கு ஹார்வர்டு கல்லூரியில் 54,008 பேர் விண்ணப்பித்தார்கள், சுமார் 3.6 விழுக்காட்டினருக்கே இடம் கிடைத்தது. இடம் கிடைத்தவர்களில் ஏறத்தாழ 84 விழுக்காட்டினர் சேர்ந்தார்கள். சேர்வு விகிதம் அவ்வளவு உயரத்தில் இருப்பதால்தான் குறைவான அழைப்புகளே அதற்குப் போதுமானதாகின்றன.

நமக்கும் அவர்களுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. நம் கல்லூரிகள் அனுமதிக்கப்பட்ட இடங்களைத் தாண்ட முடியாது என்பதால் பட்டியல்களை ஒன்றன்பின் ஒன்றாக வெளியிடுகின்றன. அங்கே சேர்வு விகிதத்தை முன்கூட்டியே மதிப்பிட்டு, தேவையைவிட அதிகமானோருக்கு அழைப்பு அனுப்பிவிட்டு, பெரும்பாலும் மே 1-க்குள் பதில் கேட்கிறார்கள். குறைந்தால் காத்திருப்போர் பட்டியலிலிருந்து எடுக்கிறார்கள். அந்த மதிப்பீட்டின் நிச்சயமின்மையைக் குறைக்க ‘எர்லி டிசிஷன்’ என்ற முறை பயன்படுகிறது: இடம் கிடைத்தால் கட்டாயம் சேர்வேன் என்று ஒரே ஒரு கல்லூரிக்கு மாணவர் முன்னதாகவே உறுதி அளிக்கிறார். போதிய நிதியுதவி கிடைக்காவிட்டால் மட்டுமே விலகலாம். அவ்வழியில் வருபவர்களின் சேர்வு விகிதம் நூறை ஒட்டியே இருக்கும். அவர்களைக் கொண்டு பெரும்பகுதி இடங்களை நிரப்பும் கல்லூரியின் அனுமதி விகிதம் தானாகவே கீழே வரும். இந்த எண்களைக் கல்லூரிகள் தமக்கேற்ப நகர்த்த முடியும் என்ற விமர்சனத்துக்குப் பிறகு, யு.எஸ். நியூஸ் தரவரிசை சேர்வு விகிதத்தை 2003-இலும் அனுமதி விகிதத்தை 2018-இலும் தன் கணக்கிலிருந்து நீக்கியது.

அக்கல்லூரிகளில் பல ஆண்டுதோறும் ‘காமன் டேட்டா செட்’ என்ற பொதுத் தரவு ஆவணத்தை வெளியிடுகின்றன. அதில் ‘சி’ பிரிவைத் திறந்தால் விண்ணப்பித்தவர்கள், இடம் பெற்றவர்கள், சேர்ந்தவர்கள் என மூன்று எண்களும் இருக்கும். செய்தித்தாள் சொல்லும் விழுக்காட்டை நம்பாமல் நீங்களே வகுத்துப் பாருங்கள்.

ஆறாம் படி: நம் ஊரில் எங்கே தேடுவது

தேசியத் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப்.-இல் பங்கேற்கும் கல்லூரிகள் தாங்கள் அளித்த தரவுகளைத் தங்கள் இணையதளத்தில் வைத்திருக்கின்றன. முதலாண்டுக்கு அனுமதிக்கப்பட்ட இடங்களும் சேர்ந்தவர்களும் அதில் கிடைக்கும். ஆனால் இவ்விரண்டையும் வகுத்தால் வருவது நிரம்பல் விகிதம். அதைச் சேர்வு விகிதம் என்று எண்ணிவிடாதீர்கள். நம் கற்பனைக் கல்லூரியின் நிரம்பல் விகிதம் 100, சேர்வு விகிதம் 48.

பொறியியல் கலந்தாய்வுக்கு இந்த இரண்டு விகிதங்களும் பொருந்தா. அங்கே ஒரே விண்ணப்பம், பல கல்லூரி விருப்பங்கள். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குக் கணக்கிடப்படும் கட் ஆஃப்பும், முந்தைய ஆண்டில் உங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவில் கடைசியாக இடம் பெற்றவரின் கட் ஆஃப்பும்தான் அங்கே வழிகாட்டி.

இடஒதுக்கீடு கலைக் கல்லூரிகளுக்கும் பொருந்தும். மொத்த அனுமதி விகிதம் 13.9 என்றால் ஒவ்வொரு பிரிவிலும் 13.9 என்று பொருள் இல்லை. மதிப்பெண்ணுக்கு மதிப்பெண்ணும் அது மாறும். அந்த விழுக்காடு கூட்டத்தைப் பற்றிய எண். உங்கள் மகளுக்கு உள்ள வாய்ப்பை அதிலிருந்து நேராகப் படிக்க முடியாது.

ஆகவே கல்லூரி அலுவலகத்தில் “எத்தனை அப்ளிகேஷன் வந்திருக்கு?” என்று கேட்பதை விட்டுவிட்டு, மூன்று கேள்விகளைக் கேளுங்கள். சென்ற ஆண்டு இந்தப் படிப்புக்கு எத்தனை பட்டியல்கள் வெளியாயின? எங்கள் பிரிவில் கடைசிப் பட்டியலின் கடைசி மதிப்பெண் என்ன? அடுத்த பட்டியல் எந்த நாளில், எங்கே ஒட்டப்படும்?

மூன்றாவது கேள்வியை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒரு மாணவியின் பெயர் மூன்றாம் பட்டியலில் வந்தது. முதல் பட்டியலில் இல்லை என்றதும் நம்பிக்கை இழந்த குடும்பம் அதைப் பார்க்கவே இல்லை. தெரிந்துகொண்டபோது கட்டணம் கட்டும் நாள் கடந்திருந்தது. பிற்காலப் பட்டியல்களுக்குத் தரப்படும் அவகாசம் ஓரிரு நாள்தான் இருக்கும். மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ் ஆகியவற்றின் மூலப்படிகளையும் முதல் தவணைக் கட்டணத்தையும் தயாராக வைத்துக்கொண்டு, கடைசிப் பட்டியல் வெளியாகும் நாள்வரை இணையதளத்தையும் அறிவிப்புப் பலகையையும் பார்த்துக்கொண்டிருங்கள்.