கிளம்பும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

நான் ஏழு மாதப் பயணத்துக்குக் கிளம்பிய தேதி நவம்பர் 20. டிக்கெட் கைக்கு வந்த அன்றே ஒரு தாளின் அடியில் அந்தத் தேதியை எழுதி, அங்கிருந்து மேல்நோக்கி நாட்களை எண்ணிக்கொண்டு போனேன். நீண்ட பயணத்துக்கு முதல் வேலை இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். பெட்டியும் துணிமணியும் கடைசி வாரத்தில்கூட வாங்கிக்கொள்ளலாம். தடுப்பூசி விஷயத்தில் அந்த அவசரம் செல்லாது. உடம்பு அதற்கான நாட்களை எடுத்துக்கொண்டே தீரும்.

என் தாளில் இருந்தவை இவை. மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு 10 நாள் கழிந்த பிறகுதான், சில நாடுகள் நுழையும்போது கேட்கும் அதன் சான்று செல்லுபடியாகும், ஆகவே நவம்பர் 10-க்குள் போட்டாக வேண்டும். டைபாய்டு ஊசிக்கு இரண்டு வாரம் வேண்டும், எனவே நவம்பர் 6. ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு 28 நாள் இடைவெளியில் இரண்டு ஊசி. இரண்டாவதைக் கிளம்ப ஒரு வாரம் முன்பே முடிக்க வேண்டும். அது நவம்பர் 13 என்றால் முதல் ஊசி அக்டோபர் 16. வெறிநாய்க்கடிக்கு முன்கூட்டியே போடுவது முதலில் ஒன்று, ஏழு நாள் கழித்து இன்னொன்று. இன்னொரு சிக்கலும் உண்டு: மஞ்சள் காய்ச்சல், தட்டம்மை போன்ற உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளை ஒரே நாளில் போட வேண்டும், இல்லையென்றால் நான்கு வாரமாவது இடைவெளி விட வேண்டும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, எட்டு வாரம் முன்னதாக, செப்டம்பர் 25 அன்றே டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

போகும்போது பழைய தடுப்பூசிச் சீட்டுகளையும், பயணப் பாதை முழுவதையும் எழுதி எடுத்துப் போங்கள். எந்த நாட்டுக்குப் பிறகு எந்த நாடு என்ற வரிசை முக்கியம். விமானம் மாறுவதற்காக மட்டும் இறங்கும் ஊரையும் விடாதீர்கள். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டின் விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தாலே சான்று கேட்கும் நாடுகள் இருக்கின்றன. கர்ப்பம், முட்டை ஒவ்வாமை, நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து என எது இருந்தாலும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

எங்கள் திட்டப்படி அம்மாவும் என்னோடு கென்யா வருவதாக இருந்தது. அம்மாவுக்கு அப்போது 64 வயது. 60 வயதைத் தாண்டி முதல்முறையாக மஞ்சள் காய்ச்சல் ஊசி போடுபவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு இளையவர்களைவிடக் கூடுதல். மருத்துவ விலக்குச் சான்று எழுதித் தரலாம்தான், ஆனால் அதை ஏற்பதா வேண்டாமா என்பது நுழையும் நாட்டின் கையில் இருக்கிறது என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். கென்யாவுக்கும் தான்சானியாவுக்கும் நான் மட்டும் போவது, அம்மா பிறகு நேராக வியட்நாமில் வந்து சேர்ந்துகொள்வது என்று பாதையையே மாற்றினோம். அம்மாவுக்கு வருத்தம்தான், எனக்கும் வருத்தம். இருந்தாலும் ஊசியா பயணமா என்று தவிக்கிற வீட்டில் யாராவது, பாதையை மாற்ற முடியுமா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியை எல்லா ஆஸ்பத்திரியிலும் போட மாட்டார்கள், அரசு அங்கீகரித்த மையத்துக்குத்தான் போக வேண்டும். போட்டதும் மஞ்சள் அட்டை ஒன்று தருவார்கள். இடத்தை விட்டு எழுவதற்கு முன் அதை பாஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் படியுங்கள். என் அட்டையில் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. இடையில் செருகி எழுதித் தருகிறேன் என்றார்கள். அட்டையில் அடித்தல் திருத்தல் இருந்தால் செல்லாமல் போகலாம் என்று அதிலேயே அச்சிட்டிருக்கிறது. அதைக் காட்டி, புது அட்டை எழுதி வாங்கினேன். பாஸ்போர்ட் எண், ஊசி போட்ட தேதி, மருந்தின் பேட்ச் எண், கையெழுத்து, மையத்தின் முத்திரை எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2016 ஜூலை 11 முதல் இந்தச் சான்று ஆயுள் முழுவதும் செல்லும். பழைய அட்டையில் பத்தாண்டு என்று போட்டிருந்தாலும் இதே கணக்குதான்.

வெறிநாய்க்கடி ஊசியை முன்பே போட்டுக்கொண்டாலும், கடிபட்டால் சோப்புத் தண்ணீரில் 15 நிமிடம் காயத்தைக் கழுவியே ஆக வேண்டும், மேலும் இரண்டு ஊசியும் போட வேண்டும். பிறகு எதற்கு முன்கூட்டியே என்று கேட்கலாம். முன்பே போடாதவர்களுக்குக் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் தேவைப்படும். ஒதுக்குப்புறமான ஊர்களில் அது கிடைப்பது அரிது.

மலேரியாவுக்கு மாத்திரைதான். எனக்குத் தந்தது அட்டோவாகுவோன்-புரோகுவானில். மலேரியா உள்ள பகுதிக்குள் நுழைய ஒன்றிரண்டு நாள் முன்பே தொடங்கி, அங்கிருக்கும்வரை தினமும் ஒன்று, வெளியேறிய பின் மேலும் ஏழு நாள். டாக்ஸிசைக்ளின் என்றால் வெளியேறிய பின் நான்கு வாரம் தொடர வேண்டும். தயவுசெய்து பாதியில் விட்டுவிடாதீர்கள். மாத்திரை போடுகிறோம் என்று கொசுக்கடியை அலட்சியம் செய்யவும் வேண்டாம். டெங்கு கொசு பகலில் கடிக்கும், அதற்கு இந்த மாத்திரை உதவாது. சன்ஸ்கிரீன் தடவுவதாக இருந்தால் முதலில் அது, அதன் மேல் கொசு விரட்டி.

அன்றாடம் சாப்பிடும் மருந்துகளை வாங்கிய அட்டையோடும் பெட்டியோடும் கைப்பையில் வையுங்கள், கூடவே மருந்தின் வேதிப்பெயர் எழுதிய டாக்டர் கடிதம். இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் போட்டால் உறைந்துவிடக்கூடும். சாதாரணச் சளி மாத்திரைக்கும் சில நாடுகளில் தடை உண்டு: மூக்கடைப்புக்கான சூடோஎஃபிட்ரின் என்ற மருந்து 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது. பவர் பேங்கும் கைப்பையில்தான். பாஸ்போர்ட்டில் ஆறு மாத ஆயுளும் வெற்றுப் பக்கங்களும் மிச்சம் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். எங்களைப் போல ஏழு மாதம் என்றால், கடைசி நாட்டில் நுழையும் நாளை வைத்துக் கணக்குப் போட வேண்டும்.

என் தாளில் நவம்பர் 20-க்குக் கீழேயும் இரண்டு வரி எழுதியிருந்தேன். ஒன்று, ஜூனில் திரும்பியதும் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஏ நோய்க்கான இரண்டாவது ஊசி (முதலாவதைக் கிளம்பும் முன்பே போட்டிருந்தேன்). இன்னொன்று, ஓராண்டுக்குள் எப்போது காய்ச்சல் வந்தாலும், எந்தெந்த நாட்டில் இருந்தேன் என்பதை டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும்.