போர் விமானியாக இருந்த தாத்தாவின் பணிவாழ்வைப் பதிவு செய்வது எப்படி

1965, 1971 போர்களில் ஹண்டர், நாட், மிஸ்டியர், மிக்-21 விமானங்களை ஓட்டிய இந்திய விமானப்படை விமானிகளில் இன்று நம்மோடு இருப்பவர்கள் எண்பது வயதை ஒட்டியவர்கள், அல்லது அதைக் கடந்தவர்கள். அவர்களில் ஒருவர் உங்கள் தாத்தாவாகவோ பெரியப்பாவாகவோ இருந்தால், அவருடைய பணிவாழ்வை எழுதி வைக்கும் வேலையை இனியும் தள்ளிப்போடக் கூடாது. பெரும்பாலான வீடுகளில் எஞ்சுவது சீருடையில் எடுத்த ஒரு படமும், ஒரு பதக்கப் பெட்டியும், "சண்டையில் விமானம் ஓட்டியவர்" என்ற ஒற்றை வரியும்தான். எந்த ஸ்குவாட்ரனில் (விமானப் படைப்பிரிவில்), எந்த ஆண்டில், எந்த விமானத்தில், என்ன வேலை செய்தார் என்பதைப் பேரப்பிள்ளைகளால் சொல்ல முடிவதில்லை.

முதலில் தேட வேண்டியது அவருடைய லாக் புக். விமானி ஒவ்வொரு முறை பறந்து இறங்கியதும் தேதி, விமானத்தின் வகை, அதன் எண், உடன் பறந்தவர், பறந்ததன் நோக்கம், பகலிலும் இரவிலும் செலவான நேரம் ஆகியவற்றை அதில் எழுதுவார்; மாத இறுதியில் கூட்டுத்தொகையை மேலதிகாரி சரிபார்த்துக் கையெழுத்திடுவார். நினைவு மங்கினாலும் மாறாமல் நிற்கும் சாட்சி அது. அதைக் கையில் எடுத்தவுடன் ஒவ்வொரு பக்கத்தையும் சன்னல் வெளிச்சத்தில் நேராக வைத்துப் படம் எடுத்து, இரண்டு இடங்களில் சேமித்துவிடுங்கள். ஓரங்களில் உள்ள குறிப்புகளையும், பின்பக்கங்களில் ஒட்டியிருக்கும் சான்றுகளையும் விட்டுவிடாதீர்கள். கருவிகளை மட்டும் நம்பி மேகத்துக்குள் பறக்கும் திறனுக்கு வொயிட், கிரீன், மாஸ்டர் கிரீன் என்று தரம் வழங்குவார்கள். அவர் எந்த ஆண்டில் எந்தத் தரத்தை எட்டினார் என்பது, பதக்கம் எதுவும் பெறாத ஒரு விமானியின் தேர்ச்சியையும் தெளிவாகக் காட்டிவிடும்.

அடுத்து, லாக் புக்கை வைத்து ஒரு காலவரிசை தயாரியுங்கள். பயிற்சி பெற்ற இடம், ஓட்டிய விமானங்கள், ஸ்குவாட்ரன்கள், இடமாற்றங்கள், பதவி உயர்வுகள் ஆகியவை போதும். ஹைதராபாத்துக்கு அருகிலுள்ள துண்டிக்கல் விமானப்படை அகாடமியில் பயிற்சி தொடங்கியது 1971இல்தான் என்பதால், அதற்கு முந்தைய தலைமுறையினர் ஜோத்பூர், பேகம்பேட், ஹகீம்பேட் போன்ற நிலையங்களில் எச்.டி.-2, ஹார்வர்டு, வாம்பயர் ஆகிய விமானங்களில் படிப்படியாகப் பழகியிருப்பார்கள். பயிற்றுநராகத் தேர்ந்தவர் என்றால் தாம்பரம் விமானப்படை நிலையத்திலுள்ள பயிற்றுநர் பள்ளியில் சில மாதங்கள் இருந்திருப்பார். சென்னை உறவினர்களுக்கு அவரைப் பற்றி நினைவிருப்பதெல்லாம் அந்த மாதங்களின் வார இறுதிகளாகவே இருக்கக்கூடும் என்பதால் அவர்களையும் விசாரியுங்கள்.

காலவரிசை கைக்கு வந்த பிறகே பேட்டிக்கு உட்காருங்கள். "போரில் என்ன செய்தீர்கள்?", "பயமாக இருந்ததா?" என்று தொடங்கினால், பல ஆண்டுகளாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய இரண்டு கதைகள் மட்டுமே கிடைக்கும். அதற்குப் பதிலாக லாக் புக்கின் ஒரு சாதாரணப் பக்கத்தைத் திறந்து, அதில் ஒரு வரியை அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். அன்று காலை வானிலை எப்படி இருந்தது, யார் முன்னணியில் பறந்தார், இருக்கையில் வார்களை இழுத்துக் கட்டிவிட்ட தரைப்பணியாளர் யார், எவ்வளவு தாழ்வாகப் பறந்தார்கள், திரும்பி இறங்கும்போது எரிபொருள் எவ்வளவு மீதமிருந்தது என்று கேளுங்கள். இத்தகைய சிறு கேள்விகளுக்குத்தான் மனம் பழைய நாளுக்குள் மெல்ல இறங்கும் என்பது என் உறுதியான கருத்து.

விமானத்தைப் பற்றி நீங்கள் சற்றுப் படித்துவிட்டுப் போனால் கேள்வியின் தரமே மாறிவிடும். நாட் விமானம் மிகச் சிறியது, ஒருவர் மட்டுமே அமரக்கூடியது. இரட்டை இருக்கை கொண்ட பயிற்சி நாட் நம் விமானப்படையில் இல்லாததால், அதில் ஏறிய முதல் நாளே விமானி தனியாகத்தான் கிளம்பியாக வேண்டும். நாட் ஓட்டியவரிடம் அந்த முதல் நாளைக் கேட்காமல் விடலாகாது. முதல் மிக்-21 விமானங்கள் 1963இல் சண்டிகரில் 28ஆம் ஸ்குவாட்ரனில் சேர்ந்தன. அந்த வகை 2025 செப்டம்பரில் அதே சண்டிகரில் விடைபெற்றது. அதை ஓட்டியவரிடம், தரையிறங்கும் வேகம் அதிகமான அந்த விமானத்தை ஓடுபாதையில் அடக்கி நிறுத்தப் பழகியது எப்படி என்று கேட்டால், ஒரு மாலைப்பொழுது போதாது.

சொன்னதைச் சரிபார்ப்பது அவரை நம்பாமல் இருப்பதாகாது. அவருக்குச் செய்யும் மரியாதையே. 1971 போர் டிசம்பர் 3 அன்று தொடங்கியது என்று நாம் படித்திருந்தாலும், கிழக்கு எல்லையில் போய்ராவுக்கு மேலே 22ஆம் ஸ்குவாட்ரனின் நாட் விமானங்கள் பாகிஸ்தானின் சேபர் விமானங்களோடு மோதியது நவம்பர் 22 அன்று. ஆகையால் நவம்பர் பக்கங்களையும் கவனமாகப் பாருங்கள். வீர விருதுகளின் அறிவிப்பு இந்திய அரசிதழில் இருக்கும். உடன் பறந்த நண்பர் ஒருவரிடம் தொலைபேசியில் பேசினால், உங்கள் தாத்தா அடக்கத்தால் விட்டுவிட்ட பாதி கிடைத்துவிடும்.

உண்மை எவ்வளவு தாமதமாக வெளிவரக்கூடும் என்பதற்குக் குடகைச் சேர்ந்த ஸ்குவாட்ரன் லீடர் ஏ.பி. தேவய்யாவின் வரலாறு சான்று. 1965 செப்டம்பர் 7 அன்று பாகிஸ்தானின் சர்கோதா விமானத்தளத்தைத் தாக்கச் சென்ற மிஸ்டியர் அணியில் பறந்த அவர் திரும்பவில்லை. தம்முடையதைவிட மிக வேகமான எஃப்-104 ஸ்டார்ஃபைட்டர் ஒன்றோடு பொருதி அதை வீழ்த்தினார் என்ற செய்தி, எதிர்த்தரப்பின் விவரங்கள் பல ஆண்டுகள் கழித்து வெளியான பிறகே இங்கே தெரிய வந்தது. மகாவீர் சக்ரா விருது 1988இல், 23 ஆண்டுகள் கழித்து, அவர் பெயருக்கு அளிக்கப்பட்டது. உங்கள் தாத்தா அன்று கண்டதை இன்று சொல்லும் ஒரு வரி, திரும்பி வராத வேறொருவரின் குடும்பத்துக்குத் தேவைப்படும் வரியாகவும் இருக்கலாம்.

இறந்துபோன தோழர்களைப் பற்றிய பேச்சை அவராகத் தொடங்கும் வரை காத்திருங்கள். போரைவிட அமைதிக்காலப் பயிற்சி விபத்துகளில் இழந்த நண்பர்களே பலருக்கு ஆறாத துயரமாக இருப்பார்கள். விமானத்திலிருந்து வெடிவிசை இருக்கையால் வெளியேறி உயிர் பிழைத்தவர் என்றால், முதுகெலும்பு நசுங்கிய வலி இன்றும் இருக்கக்கூடும். அதைப் பேச விரும்புகிறாரா என்று முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். அவர் மௌனமானால் ஒலிப்பதிவை நிறுத்திவிடுங்கள், அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள்.

பாட்டியிடம் தனியாக ஒரு நாள் பேசுங்கள். அம்பாலா, ஆதம்பூர், பதான்கோட், கலைகுண்டா, தேஜ்பூர் என்று இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வீட்டைக் கட்டிப் பிரித்தவர், விளக்கணைப்பு இரவுகளில் குழந்தைகளை அணைத்துப் பிடித்திருந்தவர், திரும்பி வரும் விமானங்களின் சத்தத்தை எண்ணிக்கொண்டு காத்திருந்தவர் அவர். அந்த நினைவுகள் எந்த லாக் புக்கிலும் இல்லை.

ஒரு எல்லையையும் மனத்தில் கொள்ள வேண்டும். 1923ஆம் ஆண்டின் அலுவல்சார் ரகசியங்கள் சட்டம் ஓய்வு பெற்றவரையும் கட்டுப்படுத்தும் என்பதால், இன்றும் பயன்பாட்டிலுள்ள ஆயுதங்கள், சமிக்ஞைகள், தளங்களின் அமைப்பு ஆகியவற்றைக் கேட்காதீர்கள். அவர் தயங்கும் இடத்தில் வற்புறுத்தவும் வேண்டாம்.

எழுதி முடித்த பிரதியை அவரிடம் கொடுத்துத் திருத்தம் வாங்கிய பிறகு, அவர் சம்மதித்தால் அவருடைய பழைய ஸ்குவாட்ரனுக்கு ஒரு நகல் அனுப்பலாம். டெல்லியில் பாலம் (Palam) பகுதியிலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்கும், போர் வரலாற்று ஆய்வு நடத்தும் யுனைடெட் சர்வீஸ் இன்ஸ்டிடியூஷனுக்கும் எழுதிக் கேட்டுப் பார்க்கலாம். மூல லாக் புக்கை லேமினேட் செய்யவோ, பிளாஸ்டிக் உறையில் இறுக்கி அடைக்கவோ வேண்டாம்; அமிலமற்ற தாளில் சுற்றி, ஈரம் படாத அலமாரியில் படுக்கை வசமாக வைத்து, அதை அடுத்து யார் பொறுப்பேற்பார் என்பதை அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.