சுகர் நார்மல், ஆனால் பீரியட்ஸ் வரவில்லை: எங்கிருந்து தொடங்குவது?

என் கழுத்துக் கறுப்பைப் போக்க அம்மா வாரம் இரண்டு முறை கடலை மாவும் தயிரும் போட்டுத் தேய்ப்பார். அது அழுக்கே இல்லை, ரத்தத்தில் இன்சுலின் ஏறிக் கிடப்பதன் அடையாளம் என்று கல்யாணமாகி மூன்றாம் வருடம்தான் தெரிந்தது. எனக்கு இருந்தது பி.சி.ஓ.எஸ்., அதாவது ஹார்மோன் கோளாறால் சினைப்பையில் முட்டை சரியாக முதிராத பிரச்சினை. இப்போது என் ஓரகத்தியின் தங்கையும் சுகர் நார்மல், ஆனால் பீரியட்ஸும் ஒழுங்காக இல்லை, குழந்தையும் தங்கவில்லை என்று அதே குழப்பத்தில் இருக்கிறாள். அவளுக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருக்கும் 'நீர்க்கட்டி'யைப் பார்த்து அழாதீர்கள். அது கட்டி இல்லை. பாதி வளர்ந்து நின்றுபோன முட்டைப் பைகள். தசையும் கல்லீரலும் இன்சுலின் சொல் கேட்காமல் போனால், கணையம் இன்னும் அதிகமாகச் சுரந்து சமாளிக்கும். அதனால் சுகர் நார்மலாகவே காட்டும். ஆனால் சினைப்பைக்குக் காது நன்றாகவே கேட்கிறது! கூடுதல் இன்சுலின் அங்கே போய் ஆண் ஹார்மோனைக் கூட்டிவிடும். அந்த ஹார்மோனைப் பிடித்துவைக்கும் புரதத்தைக் கல்லீரலும் குறைத்துவிடும். முட்டை முதிராது, வெளியே வராது, பீரியட்ஸ் தள்ளிப்போகும். மோவாயில் முடி, முகப்பரு எல்லாம் இதே கணக்குதான்.

வீட்டிலேயே செய்யக்கூடியது: காலண்டரில் ஆறு மாதத் தேதிகளைக் குறியுங்கள். இடைவெளி 35 நாளைத் தாண்டிக்கொண்டே இருந்தால் கவனிக்க வேண்டும். தையல் டேப்பால் இடுப்பை அளந்து பாருங்கள். நம் பெண்களுக்கு 80 செ.மீ.தான் எல்லை. ஒல்லியாக இருப்பவர்களுக்கும் இது வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

லேபில் வெறும் வயிற்று சுகரோடு நிறுத்தாதீர்கள். எனக்கு அது 92. எல்லாரும் சரி என்றார்கள். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 158. 140-க்குக் கீழே இருந்திருக்க வேண்டும். தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்கவைக்கும் ஹார்மோன்) இரண்டையும் கூடவே பாருங்கள். கணவருக்கு விந்துப் பரிசோதனையும் அதே வாரத்தில். "அவருக்கென்ன, நல்லாத்தானே இருக்கார்" என்று மாமியார் சொன்னாலும் சரி.

வீண் செலவு ஒன்று: முட்டை வெளிவந்ததா என்று பார்க்கும் 21-ஆம் நாள் புரொஜெஸ்டிரோன் டெஸ்ட் 28 நாள் சுழற்சி உள்ளவர்களுக்கானது. எனக்குச் சுழற்சி 45 நாள். மூன்று முறை எடுத்தேன், மூன்றும் தண்டம். முட்டை வெளிவரும் நாளைக் காட்டும் சிறுநீர் ஸ்ட்ரிப்பும் நம்மை ஏமாற்றும், முட்டையை வெளியே வரவைக்கும் எல்.ஹெச். ஹார்மோன் ஏற்கெனவே கூடியிருப்பவர்களுக்குச் சும்மாவே இரண்டு கோடு காட்டும்.

சாப்பாட்டில் நான் மாற்றியது கொஞ்சம்தான். நாலு இட்லி இரண்டாயிற்று, கூடவே அவித்த முட்டை. மதியம் ஒரு கப் சோறு, பொரியல் இரண்டு மடங்கு. நாட்டுச்சர்க்கரையும் சர்க்கரைதான். மாவாக அரைத்துக் காய்ச்சிய கேழ்வரகுக் கஞ்சியும் சுகரை வேகமாக ஏற்றும், சிறுதானியம் என்று சொம்பு சொம்பாகக் குடிக்க முடியாது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 20 நிமிடம் மொட்டை மாடியில் நடந்தேன். வேலை செய்கிற தசை இன்சுலினை எதிர்பார்க்காமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். எடை அதிகமிருந்தால் 5 சதவீதம் குறைந்தாலே பலருக்குச் சுழற்சி திரும்பும். 72 கிலோவில் அது வெறும் 3.6 கிலோ.

மாத்திரை டாக்டர் சொல்லித்தான். உடம்பை இன்சுலின் சொல் கேட்கவைக்கும் மெட்ஃபார்மின் தொடங்கிய வாரம் வயிறு கலக்கும். சாப்பிட்ட பிறகு போட்டால் தேவலை. முட்டை வெளிவர இப்போது முதலில் கொடுப்பது பெரும்பாலும் லெட்ரோசோல். மூன்று மாதம் பீரியட்ஸே வராவிட்டால் குழந்தை ஆசை இல்லாதவர்களும் போய்க் காட்டுங்கள், கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும். "ஒரு வருடம் முயற்சி செய்து பாருங்கள்" என்பது சுழற்சி ஒழுங்காக உள்ளவர்களுக்கு. நாம் காத்திருக்கத் தேவையில்லை.

அப்புறம், முட்டை முதலில் வரும், பீரியட்ஸ் அதற்குப் பிறகுதான். அதனால் பீரியட்ஸ் வராமலே கர்ப்பமும் ஆகலாம். எனக்கு வழக்கம்போலத் தள்ளிப்போகிறது என்று நினைத்து, ஏழு வாரம் கழித்துத்தான் கர்ப்பம் என்று தெரிந்தது. அதுவரை ஃபோலிக் ஆசிட் ஒன்றுகூடப் போடவில்லை. நீங்கள் முயற்சி தொடங்கும் அன்றே தினம் 400 மைக்ரோகிராம் ஆரம்பித்துவிடுங்கள். பீரியட்ஸ் வரவழைக்கும் மாத்திரை போடும் முன் ஒவ்வொரு முறையும் சிறுநீர் டெஸ்ட் பாருங்கள். கர்ப்பம் உறுதியானால், முதல் செக்கப்பிலேயே குளுக்கோஸ் டெஸ்ட்டைக் கேட்டு வாங்குங்கள்.