நெஞ்செரிச்சலுக்கு ஆபரேஷன்: தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து வெளியூர் கிளம்பும் முன்

வருஷக்கணக்கில் மாத்திரை போட்டும், படுத்தால் தொண்டை வரை புளிப்பு ஏறுகிறவர்களுக்கு அறுவை சிகிச்சை ஒரு நல்ல வழி. அதற்காக வெளிநாடு போக வேண்டியதில்லை. இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயின் அடிப்பகுதியைச் சுற்றித் தைப்பதுதான் ஃபண்டோப்ளிகேஷன். லேப்ராஸ்கோப்பியில் செய்யும் இந்த ஆபரேஷன் பெங்களூரு, வேலூர், சென்னையிலேயே நடக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு சுமார் 90 கி.மீ.தான். ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்றிரண்டு மாதத்துக்குச் செய்த டாக்டரே கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது முக்கியம்.

முதலில் மாத்திரையைச் சரியாகப் போடுகிறீர்களா என்று பாருங்கள். பான்டோப்ரசோல் போன்றவற்றைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும். சாப்பிட்ட பிறகு போட்டால் பலன் குறையும். மாத்திரைக்கு அடங்கி, நிறுத்தினால் திரும்புகிற எரிச்சல்தான் ஆபரேஷனுக்கும் நன்றாக அடங்கும். மாத்திரைக்குத் துளியும் அசையாவிட்டால், அது அமிலத்தால்தான் வருகிறதா என்றே சந்தேகப்பட வேண்டும். இதயக் கோளாறா என்பதையும் உள்ளூரிலேயே இ.சி.ஜி. எடுத்து, டாக்டரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டை மட்டும் வைத்து ஆபரேஷன் தேதி குறித்தால் சம்மதிக்காதீர்கள். இன்னும் இரண்டு டெஸ்ட் உண்டு. ஒன்று மேனோமெட்ரி: மூக்கு வழியாக மெல்லிய குழாயை இறக்கி, மடக்கு மடக்காகத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, உணவுக்குழாய் எப்படித் தள்ளுகிறது என்று அளப்பார்கள். உணவுக்குழாயின் அடிவாய் சரியாகத் திறக்காத அக்கலேசியா என்ற நோயிலும் எரிச்சலும் எதுக்களிப்பும் வரும். அது தெரியாமல் இரைப்பையைச் சுற்றித் தைத்துவிட்டால் சோறு இறங்காது. மற்றொன்று அமிலத்தை அளக்கும் 24 மணி நேர பி.எச். டெஸ்ட். மூக்கில் குழாய், இடுப்பில் சின்னப் பெட்டி. எரியும்போதெல்லாம் பெட்டியில் பட்டனை அமுக்க வேண்டும். அன்று பத்தியம் இருக்காதீர்கள். வழக்கமான குழம்பு, காரம் எல்லாம் சாப்பிட்டால்தான் உண்மை தெரியும். உணவுக்குழாயில் அமிலம் இருந்த நேரம் 6 சதவீதத்துக்கு மேல், அதாவது 24 மணி நேரத்தில் சுமார் 86 நிமிடத்தைத் தாண்டினால் நோய் உறுதி. எண்டோஸ்கோபியிலேயே புண் ‘சி’ அல்லது ‘டி’ கிரேடு என்று வந்திருந்தால் பி.எச். டெஸ்ட் பொதுவாகத் தேவைப்படாது. மேனோமெட்ரி அப்போதும் வேண்டும். டெஸ்டுக்கு 7 நாள் முன்பே மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். ஃபோனிலேயே இதைக் கேட்டுக்கொள்ளாமல் போனால், ஒரு நடை வீண். குழாயை எடுக்க மறுநாளும் வர வேண்டும் என்பதால் தங்க இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை: முழுச் சுற்றா (நிஸ்ஸன், 360 டிகிரி), பகுதிச் சுற்றா (டூப்பே, 270 டிகிரி)? ஹயாட்டஸ் ஹெர்னியாவையும் (இரைப்பை உதரவிதானத் துளை வழியே நெஞ்சுக்குள் ஏறுவது) சேர்த்துச் சரிசெய்வீர்களா? வருஷத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்? உடல் பருமன் அதிகமென்றால் எடை குறைக்கும் ஆபரேஷன் பொருந்தலாம். ஆனால் அதில் இரைப்பையை வெட்டிக் குறுக்கும் ஸ்லீவ் வகை எதுக்களிப்பை அதிகமாக்கக்கூடும்.

பணத்துக்கு: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், கர்நாடகத்துக்குக் கிளம்பும் முன்பே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் எங்கே செல்லும் என்று விசாரியுங்கள். தனியார் பாலிசி பலவற்றில் ஹெர்னியாவுக்கு 2 ஆண்டு காத்திருப்பு உண்டு.

ஆபரேஷன் முடிந்து ஓரிரு நாளில் டிஸ்சார்ஜ் செய்வார்கள். உடனே ஊர் திரும்பாமல், கஞ்சி, தண்ணீர் தடையில்லாமல் இறங்குகிற வரை அங்கேயே தங்குங்கள். வண்டியில் குமட்டுகிறவர்கள் கிளம்பும் முன்பே மாத்திரை போட வேண்டும். முதல் சில வாரங்களில் ஓங்கரித்தால் தையல் விட்டு, சுற்று நெஞ்சுக்குள் ஏறிவிடலாம். டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஆபரேஷன் நோட்டையும் கேட்டு வாங்குங்கள். எந்தச் சுற்று, ஹெர்னியாவை அடைக்க வலை வைத்தார்களா என்பது அதில்தான் இருக்கும்.

நம் பக்கத்தில் பெரிய ஆபத்து களி. கேழ்வரகுக் களியை உருண்டையாக மெல்லாமல் விழுங்கியே பழக்கம். வீங்கியிருக்கும் புதுச் சுற்றில் அது அப்படியே அடைத்துக்கொள்ளும். முதல் இரண்டு வாரம் நீர்க்கக் கரைத்த ராகிக் கஞ்சி, மோர், வடிகட்டிய ரசம், பருப்புத் தண்ணீர். பிறகு குழைந்த சோறு, ஆவியில் வெந்த இட்லியை ஊறவைத்து. டாக்டர் சரியென்று சொல்லும் வரை, குறைந்தது ஆறு வாரம், களி, சப்பாத்தி, கறித்துண்டு, சோடா வேண்டாம். ஏப்பம் வராமல் வயிறு உப்பும். காற்று அதிகம் போகும். பலருக்கு இது சில மாதங்களில் தணியும். ஆறு வாரத்துக்குக் கனமும் தூக்கக் கூடாது என்பதால், மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் அறுவடை முடிந்த பிறகு தேதி வாங்குங்கள்.

எச்சில்கூட இறங்கவில்லை, வாந்தி நிற்கவில்லை, காய்ச்சல், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்றால் பெங்களூருக்கு வண்டி தேடாமல் அருகிலுள்ள பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஆபரேஷன் நோட்டோடு போய், அங்கிருந்தே உங்கள் சர்ஜனிடம் பேசச் சொல்லுங்கள்.