சோழிங்கநல்லூர் தொகுதியின் தேர்தல் வரலாற்றைத் தொகுப்பது எப்படி?

27ஆம் எண் தொகுதியான சோழிங்கநல்லூர், 2008 தொகுதி எல்லை மறுவரையறையில் பிறந்தது. எனவே சட்டமன்றக் கணக்கை 2011இலிருந்து தொடங்குங்கள். அந்த ஆண்டு அதிமுகவின் கே.பி.கந்தன் வென்றார், 2016, 2021 இரண்டிலும் திமுகவின் எஸ்.அரவிந்த் ரமேஷ். மக்களவைக்கு இது தென் சென்னையில் வரும்.

வெற்றி பெற்றவர் பெயரை யாரும் எழுதிவிடலாம். சரக்கு இருப்பது படிவம் 20இல்தான். பூத் வாரியாக ஒவ்வொரு வேட்பாளரின் வாக்கும் அதில் இருக்கும். தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் கிடைக்கும். பல பக்கங்கள் ஸ்கேன் படங்கள் என்பதால் கையால்தான் தட்டச்ச வேண்டும். ஒவ்வொரு வரியையும் கூட்டி, 'மொத்தம்' கட்டத்தோடு ஒப்பிடுங்கள். 3, 8 குழப்பம் அங்கேயே மாட்டிக்கொள்ளும். தபால் வாக்கு கடைசியில் தனி வரியாக வரும், விட்டுவிடாதீர்கள். 2011இல் நோட்டா கிடையாது, 2016இல் உண்டு.

பலர் சறுக்குவது பூத் எண்ணில். வாக்காளர் பெருகப் பெருக பூத்களைப் பிரிப்பார்கள், எண்கள் நகர்ந்துவிடும். பள்ளிக் கட்டடத்தின் பெயரையும் தெருக்களையும் வைத்துப் பொருத்துங்கள்.

வாக்குப்பதிவு சதவீதத்தை அப்படியே நம்ப வேண்டாம். ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பகுதி வாடகை வீடுகளைக் காலி செய்தவர்களின் பெயர் பட்டியலில் தங்கிவிட்டால் சதவீதம் குறைவாகவே தெரியும். பதிவான வாக்கின் எண்ணிக்கையையும் பக்கத்தில் போடுங்கள்.